பத்தரை முதல் பன்னிரண்டு வரை

அந்த வெள்ளிக்கிழமை என் மனைவி சிதம்பரத்தில் இருந்தாள். அவளுடைய ஏழு வருட உழைப்பு கடலூரில், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. நடுவில் பிள்ளை பெற்று, இரண்டு முறை நீட்டிப்பு வாங்கி எழுதி முடித்த ஆய்வேடு. மூன்றாவது நீட்டிப்பு கிடையாது. பகல் பன்னிரண்டுக்குள் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து.

ராகுகாலத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்று விடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். காடாம்புலியூரில் முந்திரிக்காடு வைத்திருக்கும் அவள் வீட்டில் ராகுகாலத்தில் வண்டிச் சாவியைக்கூடத் தொடமாட்டார்கள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது. அதை வாரம் ஒரு முறையாவது அவளுக்கு ஞாபகப்படுத்தாமல் இருக்கவும் முடியாது.

பத்தே முக்காலுக்குப் போன் வந்தது. ஜெராக்ஸ் கடையிலிருந்து பேசினாள்.

"மாமா, கடைசி அத்தியாயம் பழசா இருக்கு. நேத்து திருத்துனது பென்டிரைவ்ல ஏறவே இல்ல. சிஸ்டத்தைப் போட்டு உடனே அனுப்புங்க. பைண்டிங் பண்ணணும், பதினொன்னரைக்குள்ள வேணும்."

"அஞ்சு நிமிசம். நீ பதறாத."

கம்ப்யூட்டர் பராமரிப்புதான் என் பிழைப்பு. அந்தத் திமிரில் சொன்ன ஐந்து நிமிடம் அது. கம்ப்யூட்டரைப் போட்டு, அவள் பாஸ்வேர்டை அடித்தேன். திரை கறுத்தது. ஒரு நொடியில் மறுபடி அதே பாஸ்வேர்ட் பெட்டி வந்து நின்றது.

மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே. வேண்டுமென்றே தப்பாக அடித்தபோது "தவறு" என்று சொன்னது. சரியாக அடித்தால் ஒன்றும் சொல்லாமல் உள்ளே கூப்பிட்டு, வெளியே தள்ளியது. அணைத்துப் போட்டுப் பார்த்ததில் நான்கு நிமிடம் போனதுதான் மிச்சம்.

படங்கள் இல்லாமல் எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரைக்குப் போய் அங்கே நுழையப் பார்த்தேன். ஒரு வரி முழுக்கக் கட்டம் கட்டமாக ஏதோ மின்னியது. அங்கேயும் வெளியே தள்ளியது. டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். திருத்திய அத்தியாயத்துக்கு வேறு பிரதி இல்லை.

"வந்துடுச்சா மாமா? கடக்காரரு கேக்கறாரு."

"வருது, வருது. போனை வை!"

கத்திவிட்டேன். அவள் வைத்துவிட்டாள். மணி பதினொன்று ஐந்து. எடுத்துக்கொண்டு ஓடவும் வழியில்லை. சிதம்பரம் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே பென்டிரைவும் அவளிடம்.

கம்ப்யூட்டர் பழுதானால் நிர்வாகி மட்டும் நுழைவதற்கு ஒரு புறவாசல் உண்டு. அதன் வழியாகப் போனேன். டிஸ்க் நன்றாக இருந்தது. ஆய்வேடும் பத்திரமாக இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. ஆனால் அந்த வழியில் இன்டர்நெட் வராது, அங்கிருந்து அனுப்ப முடியாது. டிஸ்க் சரியென்றால் ஏன் உள்ளே விடவில்லை? இடம் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தேன், தீரவில்லை. கோப்புகளின் உரிமை வேறு யார் பேருக்காவது மாறிவிட்டதா என்று பார்த்தேன், அதுவும் இல்லை.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். அவள் பேரில் நுழைந்ததும் கம்ப்யூட்டர் முதலில் படித்து, சொன்னபடி செய்யும் சின்னக் கோப்பு. பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. அதை முதலிலேயே பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன். ஒரு வருடமாக யாரும் தொடாத கோப்பில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற நினைப்பு.

திறந்தேன். அடியில் ஏழு நாளைக்கு ஏழு வரி. அதில் ஒன்று: இன்று வெள்ளியா, மணி பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவிலா என்று பார். ஆமென்றால் "ராகுகாலம், அப்புறம் வா" என்று சொல்லி வெளியே அனுப்பு.

எழுதியது நான்தான். போன வருடம் ஒரு நாள், ராகுகாலம் முடியட்டும் என்று அவள் அந்த நாற்காலியில் உட்கார மறுத்தபோது சண்டை வந்தது. அந்த எரிச்சலில், அவளைக் கேலி செய்ய எழுதி வைத்தேன். மாட்டிக்கொண்டதும் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். அவள்தான் ராகுகாலத்தில் கம்ப்யூட்டரைப் போடவே மாட்டாளே. ஒரு வருடம் மாட்டவே இல்லை, நானும் மறந்து தொலைத்தேன். கட்டம் கட்டமாக மின்னியது என் செய்திதான். அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் காட்டத் தெரியாது.

ஏழு வரியையும் அழித்து, கம்ப்யூட்டரை மறுபடி போட்டு நுழைந்து, அத்தியாயத்தை அனுப்பியபோது மணி பதினொன்று இருபத்தெட்டு. அதற்கப்புறம் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு அடிக்க ஆறு நிமிடம் இருக்கும்போது போன் வந்தது.

"குடுத்துட்டேன் மாமா. கையெழுத்து போட்டு வாங்கிக்கிட்டாங்க." குரல் உடைந்திருந்தது. "ராகுகாலத்துலதான் குடுத்தேன். அதான் இவ்ளோ தடங்கல் போல. சிஸ்டத்துக்கு என்னா ஆச்சு?"

டிஸ்க் கோளாறு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். வாய் வரை வந்தது. ஆனால் கத்தினதும் நான்தானே. எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தினி வருசமா ராகுகாலத்துக்குப் பயந்துக்கிட்டு இருந்தேன்," என்றாள். "உங்களுக்கில்ல பயந்திருக்கணும்."