இவரை நேரில் அறிவேன்

வேங்கடசுப்ரமணியன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. ஆனால் எழுத வேறு ஆளும் இல்லை. பெண்டாட்டி எப்போதோ போய்விட்டாள், பிள்ளை குட்டி கிடையாது. பம்பாய் மாதுங்காவில், 'சால்' என்கிற வரிசை அறைக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், ஒற்றை அறையில், தானே பொங்கித் தின்றுகொண்டு காலத்தை ஓட்டிய மனுஷன். அவருடன் கோர்ட்டில் ஒரே பெஞ்சில் பதினைந்து வருஷம் உட்கார்ந்தவன் நான். பெயர் சங்கரநாராயணன், ஊர் திருநெல்வேலிப் பக்கம், வீடு செம்பூரில். நாங்கள் இருவரும் வக்கீல் குமாஸ்தாக்கள். அவர் சந்திரமௌலி வக்கீலிடம், நான் இன்னொருவரிடம்.

குமாஸ்தா என்றால் கட்டுத் தூக்குகிறவன், வாய்தா தேதி குறிக்கிறவன் என்று நினைப்பார்கள். அது மட்டும் இல்லை. ஒருவர் அபிடவிட் என்கிற சத்தியக் காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துச் சத்தியம் செய்ய வந்தால், சத்தியம் வாங்கும் அதிகாரி கேட்பார், 'இந்த ஆள் இன்னார்தான் என்று யாருக்குத் தெரியும்?' உடனே ஒரு குமாஸ்தா முன்னால் போய், 'இவரை நேரில் அறிவேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் அந்தக் காகிதத்துக்கு உயிர் வரும்.

பம்பாயில் யாருக்கும் யாரையும் தெரியாது. கோர்ட்டுக்கோ, வருகிற ஒவ்வொருவரையும் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அந்த யாரோ மாடிப்படிக்கு அடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த நாங்கள்தான். வந்தவனிடம் பெயரைக் கேட்போம். சொன்னால் தெரிந்துபோயிற்று. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். நான் எத்தனை ஆயிரம் பேரை அப்படி 'நேரில் அறிந்தேன்' என்று எனக்கே தெரியாது. தப்பு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. மழைக்குக் குடை பிடிக்கிற மாதிரி அது ஒரு வழக்கம்.

1963-இல் ஒரு மத்தியானம், பிச்சையா என்கிற தாராவிக்காரன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு சந்திரமௌலியின் ஆபீசுக்கு வந்தான். தோல் கிடங்கில் வேலை பார்த்த அவன் அண்ணன் செத்துப்போயிருந்தான். அண்ணன் பேரில் தாராவியில் வாடகைக்கு ஒரு கோலி. ஒற்றை அறைதான், ஆனால் பம்பாயில் ஒற்றை அறை என்பது ராஜ்யம். அண்ணன் பெண்டாட்டி இசக்கியம்மாள், தான் ஊருக்கே போய்விடப் போவதாகவும், கோலியைக் கொழுந்தன் பேருக்கு மாற்றிக்கொள்ள ஆட்சேபம் இல்லை என்றும் அபிடவிட் கொடுக்கிறாள். கூட வந்தவள்தான் அந்த இசக்கியம்மாள் என்றான்.

அவள் முக்காடு போட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள், வெட்கப்படுகிறாள் என்று வேங்கடசுப்ரமணியன் நினைத்துக்கொண்டார். அவள் கையைப் பிடித்து, கட்டை விரலை மையில் தோய்த்து, காகிதத்தில் உருட்டியவர் அவர்தான். மை அதிகமாகி ரேகை அப்பிவிட்டது. பிடித்த மணிக்கட்டில் ஒரு தேள் உருவம் பச்சை குத்தியிருந்ததைப் பார்த்தார். பிறகு, 'நேரில் அறிவேன்' என்ற வரிக்குக் கீழே தன் பெயரை முத்து முத்தாக எழுதினார். அவர் கையெழுத்து அவ்வளவு அழகாக இருக்கும்.

எட்டு மாதம் கழித்து, மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ஊருக்குப் போயிருந்த இசக்கியம்மாள் திரும்பி வந்தாள். கோலியில் பிச்சையா குடும்பம் இருந்தது. அவளுடைய டிரங்குப் பெட்டி வெளியே சாக்கடை ஓரம் கிடந்தது.

சயானில் ஒரு சின்ன வயசு வக்கீல் ஃபீஸ் வாங்காமல் அவளுக்காக வழக்குப் போட்டார். வக்கீல் தொழிலில் அப்படியும் ஆட்கள் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அபிடவிட்டில் இருப்பது அவள் ரேகையே இல்லை என்றார். ரேகை நிபுணரோ, அப்பிப்போனதால் ஒன்றும் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார். ஆக, வழக்கு முழுவதும் ஒரே ஆளின் வாயில் வந்து நின்றது. அன்றைக்கு வந்தவள் இவள்தானா? வேங்கடசுப்ரமணியன் சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னால் அவளுக்கு வீடு உண்டு. ஆமாம் என்றால் தெரு.

விசாரணைக்கு முதல் நாள் சந்திரமௌலி அவரைக் கூப்பிட்டார். பெரிய வழக்குகளில் ஒரு பைசா தப்பு செய்யாதவர், சபாக் கச்சேரியில் முதல் வரிசையில் உட்காருகிறவர். "நான் உம்மைப் பொய் சொல்லச் சொல்லலை ஓய். அப்படிச் சொல்ற வக்கீல் நான் இல்லை. ஆனா அந்தக் கையெழுத்து உம்மோடது, இந்த ஆபீஸ் என்னோடது. ரெண்டையும் ஞாபகம் வெச்சுக்கோரும்" என்றார்.

மறுநாள் கோர்ட்டில் நானும் இருந்தேன். சாட்சிக் கூண்டில் வேங்கடசுப்ரமணியன் நின்றார். எதிரே இசக்கியம்மாள் தலையில் இருந்த முந்தானையை இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். கையில் ஒரு பச்சையும் இல்லை. யாரும் கேட்காமலே சொன்னாள்.

"நல்லாப் பாருங்கய்யா. என்னியத் தெரியுதா?"

ஜட்ஜ் அவளை அதட்டினார். வேங்கடசுப்ரமணியன் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "தெரியும். இவர்தான்" என்றார்.

வழக்குத் தள்ளுபடியானது. அன்று சாயங்காலம் ரயிலில் வரும்போதுதான் தேள் பச்சையைப் பற்றி என்னிடம் சொன்னார். நான், "விடும் சாமி, நீரா அவ வீட்டைப் புடுங்கினீரு? பிச்சையா புடுங்கினான். நாம கையெழுத்துப் போடுத ஆளு" என்றேன். அவர் எதிர் சீட்டுப் பெண்ணின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இசக்கியம்மாள் ஊருக்குப் போய்விடவில்லை. எங்கே படுத்தாளோ தெரியாது. ஆனால் மாதுங்கா மார்க்கெட்டில், ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் பரப்பி உட்கார்ந்துவிட்டாள். காலையில் ரயிலுக்குப் போக வேங்கடசுப்ரமணியன் அவளைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டும்போது அவள் தலை நிமிர்ந்து ஒரே ஒரு தடவை கேட்பாள்.

"என்னியத் தெரியுதாய்யா?"

திட்டினதில்லை, மண்ணை வாரித் தூற்றினதில்லை, வழியை மறித்ததில்லை. திட்டியிருந்தால் இவர் பிழைத்துப் போயிருப்பார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தாதர் வரை நடந்துபோய் அங்கே ரயில் ஏற ஆரம்பித்தார். அங்கே அவள் இல்லை. ஆனாலும் படியில் இறங்கும்போது பின்னாலிருந்து கேட்கிறது என்றார். தூக்கத்தில் கேட்கிறது என்றார். ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பி, "பிள்ளைவாள், இப்ப நீங்க ஏதாவது கேட்டேளா?" என்றார். நான் வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் முன்னே பின்னே தெரியாத யாருக்கும் கையெழுத்துப் போடவில்லை. அபிடவிட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் வீட்டுக்கே போய், பக்கத்து வீட்டில் விசாரித்து, முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு வந்துதான் போடுவார். குர்லாவுக்கும் தாராவிச் சந்துகளுக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. கட்சிக்காரர்கள் எரிச்சல்பட்டார்கள். பெஞ்சில் நாங்கள் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். சந்திரமௌலி அபிடவிட் வேலையை மட்டும் வேறு பையனிடம் கொடுத்துவிட்டார்.

1967-இல், மழை தொடங்கின வாரம், ஒரு காலை வேளையில் வேங்கடசுப்ரமணியன் நனைந்துகொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வேட்டிக்குள் மடித்துக் கொண்டுவந்த காகிதத்தை எடுத்து என் மடியில் வைத்தார். அவரே டைப் அடித்த அபிடவிட். அன்று வந்தவள் இசக்கியம்மாள் இல்லை, மணிக்கட்டில் தேள் பச்சை இருந்தது, கோர்ட்டில் நான் சொன்னது பொய் என்று தெளிவாக எழுதியிருந்தார். சயான் வக்கீல் இதை வைத்து வழக்கைத் திரும்பவும் திறக்க முயலலாம் என்று சொல்லியிருக்கிறாராம்.

"ஜெயில்ல போடுவானே சாமி" என்றேன்.

"போடட்டும். அங்க தூக்கம் வருமான்னு பார்க்கறேன்."

கடைசிப் பாராவைப் படித்தேன். 'இந்தப் பெஞ்சில் இருக்கும் குமாஸ்தாக்கள் அனைவரும் முன்பின் அறியாதவர்களை அறிவோம் என்று கையெழுத்திடுவது வழக்கம். அந்த வழக்கப்படியே நானும் செய்தேன்.' அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில், 'இவரை நேரில் அறிவேன்' என்று என் பெயரையே டைப் அடித்திருந்தார். என்னைக் கேட்கக்கூட இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

"எங்க எல்லாரையும் எதுக்கு இழுக்கேரு? அந்தப் பாராவை எடுத்துரும், நான் போடுதேன்."

"எடுத்தா மறுபடியும் பாதிப் பொய் ஆயிடும், பிள்ளைவாள். அவளுக்கு இன்னொரு பொய்க் காகிதம் என் கையால வேண்டாம்."

நான் யோசித்தேன். மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தது. என் கையெழுத்து எந்தெந்த ஃபைலில் யாருக்குக் கீழே கிடக்கிறதோ. ஒன்றைத் தோண்ட ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்?

அதற்குள் அவர் எழுந்து அதிகாரியின் ஜன்னலுக்குப் போய்விட்டார். நானும் பின்னால் போனேன். சத்தியம் வாங்கும் அதிகாரி மராட்டிக்காரர். இருபது வருஷமாக வேங்கடசுப்ரமணியனைத் தினமும் பார்க்கிறவர். காகிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, வழக்கப்படி, "இவரை யாருக்குத் தெரியும்?" என்று இந்தியில் கேட்டார்.

"என்னைத் தெரியாதா சாப்?" என்றார் இவர்.

"எனக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? காகிதத்தில் யாராவது போட வேண்டும்" என்று அதிகாரி சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "உங்கள் பெயர்தானே இருக்கிறது? இவரைத் தெரியுமா?"

வேங்கடசுப்ரமணியன் பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

அவர் என்னோடு தயிர் சாதத்தைப் பங்கு போட்டவர். என் மகள் டைபாய்டில் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தவர். நான் என் கையில் இருந்த ஃபைலைப் பார்த்தேன்.

"தெரியும்னு உறுதியாச் சொல்ல முடியாது, சார்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டார். பெஞ்சில் மற்றவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் நின்றார். பாராவைப் படித்ததும் ஒவ்வொருவருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. அத்தனை ஆயிரம் பேரைத் தெரிந்த எங்களில் ஒருவனுக்கும் அவரைத் தெரியவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் பெஞ்சுக்கு வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டார். வேங்கடசுப்ரமணியன் குர்லா கோர்ட் வாசலிலாவது யாராவது கையெழுத்துப் போட மாட்டார்களா என்று போயிருக்கிறார். திரும்பும்போது ஸ்டேஷன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையில் இருந்த காகிதத்தில் என் பெயர் இருந்ததால் என்னைத் தேடி வந்திருக்கிறார்கள்.

பிணவறையில் துணியை விலக்கினார்கள். "தெரியுமா?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

"தெரியும்" என்றேன். நோட்டில் கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்து, தெரிந்த ஆளுக்காக நான் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான். நனைந்து காய்ந்திருந்த அந்த அபிடவிட்டையும் மற்ற சாமான்களோடு என்னிடமே கொடுத்துவிட்டார்கள். சத்தியம் செய்யாமல் செத்தவனின் காகிதம் கோர்ட்டுக்கு உதவாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை அவளிடமோ சயான் வக்கீலிடமோ கொடுத்திருக்கலாம். அவர்கள் என்னைக் கூண்டில் ஏற்றியிருப்பார்கள். அதனால் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் மாதுங்கா மார்க்கெட் பக்கம் போவதையே விட்டிருந்தேன். போன மாதம், மகள் வயிற்றுப் பேத்திக்குக் காதுகுத்து என்று வெற்றிலை, பூ வாங்கப் போக வேண்டி வந்தது. பைக்குள் அந்தக் காகிதம் இருந்தது. ஏனோ அதை வீட்டில் வைத்துவிட்டு வர எனக்குப் பயம். கறிவேப்பிலைக் குவியலுக்குப் பின்னால் இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னை அவளுக்குத் தெரியாது, ஒரு வார்த்தை பேசியதில்லை என்ற தைரியத்தில் தாண்டிப் போகப் பார்த்தேன்.

"அய்யா, ஒங்களத் தெரியும்யா" என்றாள்.

கால் நின்றுவிட்டது.

"கோர்ட்டுல அந்தச் சாமி பக்கத்துல இருப்பீயல்லா? அவுக எங்கய்யா, காங்கவே இல்லியே? கடேசியா ஒருநா எங்கிட்ட வந்து, 'இசக்கி, ஒன்னிய எனக்குத் தெரியாது, அன்னைக்கு வந்தது நீ இல்ல, இத எழுதிக் கொண்டாந்து தாரேன்'னு சொல்லிட்டுப் போனாவ. பாத்துக்கிட்டே இருக்கேன்."

பைக்குள் கையை விட்டேன். காகிதம் விரலில் பட்டது. எடுத்துக் கொடுக்க ஒரு நிமிஷம் ஆகாது.

"எந்தச் சாமி? எனக்கு யாரையும் தெரியாதேம்மா" என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டு செம்பூர் பஸ்ஸுக்கு நடந்தேன்.