காட்டாத பேயும் குதிக்கிற பேயும்

2007 ஆகஸ்டில் அன்புசெல்விக்கு வயது இருபத்தாறு. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் ஒன்பதாவது வருடம். கணியூர்க்காரி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு டிவிடி வாடகைக்கு எடுத்தாள்: ஒரு ஜப்பானியப் பேய்ப்படம், அதையே அமெரிக்காவில் திரும்ப எடுத்தது. கதை ஒன்றுதான். ஒரு தாய் துணி துவைத்துக் கொடியில் போடுகிறாள். எடுக்கும்போது யாருடையதோ ஒரு குழந்தைச் சட்டை கூடுதலாக இருக்கிறது.

திங்கள் காலை கம்பெனியில் அதே பேச்சு. சூப்பர்வைசர் அருள்குமாரும் இரண்டையும் பார்த்திருந்தார்.

“அமெரிக்காக்காரன் படந்தான் படம். பத்தாவது நிமிசம் பீரோவுல இருந்து பேய் குதிக்குது. ஏன் செத்துச்சுன்னும் சொல்லிடறான். ஜப்பான்காரன் படம் பூரா துணி காயப்போடறான்!”

“குதிச்சா கத்திட்டு ஓடிரலாங்ண்ணா,” என்றாள் அன்புசெல்வி. “இவன் கடைசி வரைக்கும் காட்டவே இல்லீங்க. சட்டை மட்டும் கூடிட்டே போகுது. எங்க இருக்குதுன்னே தெரியாம எங்கீங்க ஓடறது?”

“நேத்திருந்து கொடிப்பக்கமே போகலீங்க இவ,” என்றாள் பீஸ் அடுக்கும் ராமாயி. “ஈரத்துணியோட வந்திருக்கறா.”

பதினொன்றே காலுக்கு அன்புசெல்வியின் ஊசி ஒடிந்தது.

ஜப்பானுக்குப் போகும் குழந்தை உடுப்பு. ஒடிந்த துண்டுகள் எல்லாவற்றையும் நோட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். முனை மட்டும் கிடைக்கவில்லை. இரட்டை ஊசி மெஷின். ஒன்று ஒடிந்தாலும் மற்றது ஓடும். அவள் கவனிப்பதற்குள் தைத்த பீஸ்கள் கூடையில் கலந்துவிட்டன. ஆர்டரின் கடைசி அறுபது பீஸ். மெட்டல் டிடெக்டர் ரிப்பேர். நான்கு மணிக்கு லாரி.

காந்தத்தைத் தரையெங்கும் ஓட்டினாள். ஒன்றுமில்லை.

அருள்குமார் குனிந்தார். “வேற ஊசி முனையை ஒடிச்சு ஒட்டிரு கண்ணு. கண்ணுக்கே தெரியாத சாமான், யாரைக் குத்தப்போகுது?”

“போட்டுக்கற குழந்தையைத்தானுங்க.”

“லாரி நின்னா முதலாளிகிட்ட நீ பேசறயா?”

“பேசறேனுங்க.”

அவள் கையெழுத்துப் போடவில்லை. அவளும் ராமாயியும் ஒவ்வொரு பீஸாகத் தையலை விரலால் தடவினார்கள். முப்பது தாண்டியது. சாப்பாட்டு மணி அடித்தது, எழவில்லை. நாற்பது.

“ஏ அன்பு, அமெரிக்காப் படமா இருந்தா இந்நேரம் குதிச்சிருக்கும்.”

“குதிக்காது. தடவு.”

இரண்டு நாற்பதுக்கு, நாற்பத்தேழாவது பீஸின் கழுத்து மடிப்பில் ராமாயியின் விரல் நின்றது. விரலில் இரத்தம்.

மீதியையும் தடவி, இஸ்திரி போட்டு, பெட்டி கட்டி, ஐம்பத்தொன்பது பீஸோடு லாரி ஆறரைக்குத்தான் கிளம்பியது. லாரி தாமதமானதற்காக மறுநாள் அன்புசெல்வியை வேறு தையல் லைனுக்கு மாற்றினார்கள்.