சாம்பிள் மேடமும் முதல் தண்ணீரும்

என் மனைவி குடிநீர் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் சாம்பிள் மேடம். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் அவளுக்கும் தெரியும். பால் திரிந்துவிட்டது என்று நான் சொன்னால்கூட, "எங்கே, காட்டுங்க" என்று கையை நீட்டுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் அவளுடைய அறை. நீள மேஜை, கழுவுதொட்டி, ஜன்னலோரம் சோதனைக் குழாய்கள், எந்நேரமும் குளோரின் வாடை. காலையில் கதவைத் திறந்ததும் கண்ணை மூடிக் கும்பிடுவாள், பிறகுதான் வெள்ளைக் கோட்டை மாட்டுவாள். ஒருமுறை மேலதிகாரி ஒரு பாட்டிலை நீட்டினார். எந்தத் தொட்டித் தண்ணீர் என்று அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. மறுநாள் அரசு விருந்தினர் விடுதிக்குப் பெரிய மனிதர் வருகிறார், குடிக்கலாம் என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார். "இது எங்கே எடுத்ததுன்னு தெரியாது சார். சரியான சாம்பிள் வரட்டும்" என்றாள். கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். பழைய அறைக்குத் திரும்பும்வரை காலி பாட்டில்களுக்கு நடுவே மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள், ஒரு நாளும் முகம் கோணவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த அதிகாரி தன் வீட்டு விசேஷத்துக்கு மைக்செட் கேட்டு வந்தபோது, செட் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆமாம், என் தொழில் மைக்செட். என்னை அதிகம் கூப்பிடுகிறவர் என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன். ஊரறிந்த ஆன்மிகச் சொற்பொழிவாளர். உலகம் படைக்கப்பட்ட கதைக்கு வரும்போது என் பக்கம் ஒரு விரலை உயர்த்துவார், நான் எக்கோவை ஏற்ற வேண்டும். "ஆதியில் இருந்தது தண்ணீரும் இருட்டும்தான்" என்று அவர் குரல் சுவருக்குச் சுவர் மோதும்போது எனக்கே புல்லரிக்கும்.

சில வருடங்களாக அந்தக் கதை சுருங்கிவிட்டது, ஆதாரங்கள் பெருத்துவிட்டன. எந்த ஆராய்ச்சிச் செய்தி பத்திரிகையில் வந்தாலும் வெட்டி வைத்துக்கொண்டு, "நம் வேதம் அன்றைக்கே சொன்னது" என்பார். அந்த ஆராய்ச்சி தப்பு என்று பின்னால் செய்தி வந்தால் மூச்சு விட மாட்டார். இத்தனை ஆதாரத்துக்கும் காரணம் அவருடைய மகன். கல்லூரியில் இயற்பியல் படிக்கிறான். ஒருநாள் சாப்பிடும்போது, "அதெல்லாம் கட்டுக்கதைப்பா" என்று சொல்லிவிட்டான். அதோடு அப்பாவின் பேச்சைக் கேட்க வருவதையும் நிறுத்திவிட்டான். அந்த ஒருவனுக்காகத்தான் மச்சான் ஊருக்கெல்லாம் ஆதாரம் காட்டிக்கொண்டிருந்தார்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நீ மேடையேறணும்மா. உயிர் தண்ணியிலதான் தோணுச்சுன்னு சயின்ஸ் சொல்லுது. நம்ம கதையும் தண்ணியிலதான் ஆரம்பிக்குது. ரெண்டும் ஒண்ணுதான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நீ பேசினா பையன் வரேன்னிருக்கான். அத்தை சொன்னா கேப்பான்."

"அதை நான் சொல்ல முடியாதுண்ணே."

"ஏன், உனக்கும் நம்பிக்கை போயிடுச்சா?"

"இருக்கு. அதனாலதான் முடியாதுங்கிறேன்."

மச்சான் டீயைத் தொடாமல் எழுந்தார். "வந்து உன் மனசுல பட்டதைச் சொல்லு" என்றார். மேடையில் ஏறிவிட்டால் தங்கை தன்னை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்ற தைரியம். தாயில்லாத பிள்ளையான அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர் அவர்தான். அவர் போனதும் அவள் அழுதாள்.

"எல்லார் முன்னாடியும் அண்ணனுக்குத் தலைகுனிவு ஆயிடுமேங்க."

"அப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கிடேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கிடங்கு ஞாபகம் வந்தது. 

சொற்பொழிவு நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. மகன் கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். மச்சான், "விஞ்ஞானம் படித்த என் தங்கை சாட்சி சொல்வாள்" என்று மைக்கைக் கொடுத்தார். அவள் அதை எட்டப் பிடித்தாள். நான் சத்தத்தைக் கூட்டினேன்.

"நான் தண்ணியை டெஸ்ட் பண்றவ. அண்ணன் சொல்ற அந்த முதல் தண்ணியோட சாம்பிள் என்கிட்ட வரல. அதனால கையெழுத்துப் போட முடியாது."

கூட்டம் சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை.

"உயிர் எப்படி வந்துச்சுன்னு விஞ்ஞானிங்க இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க. இன்னைக்குச் சொன்னது தப்புன்னா நாளைக்கு மாத்துவாங்க. மாத்துறதுதான் அவங்க வேலை. ஒவ்வொரு தடவையும் நம்ம கதையும் அவங்க பின்னாடி ஓடணுமா?"

"அப்ப அது பொய்தானே அத்தை?"

கடைசி வரிசைக் குரல். மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அப்படியும் எழுதித் தர மாட்டேன்" என்றாள். "சின்ன வயசுல எனக்கு இருட்டுன்னா பயம். உங்கப்பா பக்கத்துல உக்காந்து சொல்வாரு, 'இந்த மாதிரி இருட்டுலதான் கடவுளும் உக்காந்திருந்தாரு. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. அதான் நம்மளையெல்லாம் உண்டாக்கினாரு'ன்னு. நான் தூங்கிடுவேன். எனக்கு அந்தக் கதை அப்படித்தான் வந்துச்சு. தண்ணியில என்ன கலந்திருக்குன்னு கண்டுபிடிக்க லேப் இருக்கு. இருட்டுல பயந்து கிடக்கிற பிள்ளைகிட்ட என்ன சொல்றதுன்னு லேப்ல கேக்க முடியாது."

மைக்கை அண்ணனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.  அப்போது எனக்கு இருந்த பெருமையில் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன், மச்சான் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்தார். ஒயர்தான் அறுந்துவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன். பிறகு கையில் இருந்த பத்திரிகைத் துண்டுகளை நாற்காலியில் வைத்தார். என் கை பழக்கத்தில் எக்கோவுக்குப் போனது.

"எக்கோ வேண்டாம் மாப்ளே" என்றார்.

கதையை ஆரம்பித்தார். கட்டிலோரம் உட்கார்ந்து சொல்கிற குரலில், ஒரு ஆதாரமும் இல்லாமல், தண்ணீரில் தொடங்கி, இருட்டில் தனியே உட்கார்ந்திருந்த கடவுள் வழியாக, மனிதர் வரை சொல்லி முடித்தார். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மகன் அவளிடம் வந்தான்.

"அத்தை, அப்பா எனக்கு இந்தக் கதையை இப்படிச் சொன்னதே இல்லை. ஆதாரம் மட்டும்தான் சொல்லுவாரு."

மச்சான் அவனுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். அவன் திரும்பினான்.

"கடவுள் அந்த இருட்டுல உக்காந்திருக்கிற இடத்தை இன்னொரு தடவை சொல்லுங்கப்பா. நம்பிடுவேன்னு மட்டும் நினைக்காதீங்க."

"வா, நடந்துக்கிட்டே சொல்றேன்" என்றார் மச்சான். "சாட்சிக்கு யாரையும் கூப்பிட மாட்டேன்."