மடு என்ற சொல்

பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் உளப்பகுப்பாய்வு படித்துவிட்டு, எதைக் கண்டாலும் அதற்கு அடியில் ஓர் ஆசையைத் தேடிக்கொண்டிருந்தேன். மன்னார்க் காட்டுக்குள் கோயில் கொண்டிருக்கும் மடு மாதாவையும் விடவில்லை. அகராதியில் ‘மடு’ என்பதற்குப் பசுவின் பால்மடி என்றும் ஒரு பொருள் இருந்தது. எனக்கு அது போதும். வருடா வருடம் சனங்கள் அந்தக் காட்டுக்குள் போவது தாயின் முலையைத் தேடித்தான் என்று கட்டுரை எழுதி முடித்தேன். பேராசிரியர் மெச்சினார்.

ஆவணித் திருவிழாவுக்கு மன்னாரிலிருந்து அக்காவோடு மடுவுக்குப் போனேன். மடு மண் வீட்டில் இருந்தால் பாம்பு அண்டாது என்று எல்லாரும் அள்ளுவதுபோல அவளும் கோயில் மண்ணை அள்ளி லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று கட்டுரையின் சாரத்தைச் சொன்னேன்.

“மடு எண்டால் தண்ணி நிக்கிற பள்ளம், தம்பி. இதுக்குள்ள பால் எங்கால வந்தது?”

“அது எங்களுக்கே தெரியாமல் மனதுக்குள்ள கிடக்கிற ஆசை, அக்கா.”

எந்த மறுப்பையும் விழுங்கிவிடும் பதில் அது. வகுப்பில் அதைச் சொல்லி நான் ஒருநாளும் தோற்றதில்லை.

அக்கா முடிச்சை இறுக்கினாள்.

“உனக்கு இருக்கும். உன்னைப் பெத்த கையோட அம்மா கண்ணை மூடிட்டா. நீ மாப்பாலில வளந்தனீ. நான்தான் மாவைக் கரைச்சுப் போத்தலில தந்தனான்.”

வீட்டுக்கு வந்து கட்டுரையை எடுத்தேன். ‘சனங்கள்’ என்று எழுதியிருந்த இடமெல்லாம் ‘நான்’ என்று மாற்றி வாசித்தேன். இலக்கணத்தில் மட்டும்தான் பிழை வந்தது.