முதலில் கையைப் பார்த்தேன்

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் என்று நினைவு. பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஒரு மாடி வீட்டில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளின் காலர், கை, பட்டன் ஓட்டை எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். வீட்டிலும் என் குணம் அதேதான், மறைப்பானேன்.

அந்த வருஷம் என் தம்பி எங்களோடு வந்து தங்கினான். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தில் ஆறேழு வருஷம் அழிந்தவன். கழற்றி வைத்த என் கம்மலைக்கூட விட்டுவைக்காதவன். மறுவாழ்வு மையத்தில் பத்து மாதம் இருந்துவிட்டு வந்து, "இனிமே தொடமாட்டேன்க்கா" என்றான். அதே வார்த்தையை முன்பும் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். சூடு கண்ட பூனை நான், சும்மா நம்பிவிடுவேனா? ஒரு கண்டிஷன் போட்டேன். தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் ட்யூப் லைட்டுக்கு அடியில் நின்று, சட்டைக் கையை மடித்து இரண்டு கையையும் காட்ட வேண்டும். நான் பார்த்த பிறகுதான் காபி. அவனும் தினமும் காட்டுவான்.

நாலைந்து மாதம் ஒழுங்காகப் போனது. பிறகு மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று சுவரில் சாய ஆரம்பித்தான். மொத்தமே பதினான்கு படிதான். உதடு கறுத்திருக்கும், கண் சொருகும். பழைய நாட்களிலும் இப்படித்தான் சாய்ந்து நிற்பான். கீழே இருந்த பொதுக் கக்கூசுக்கு வேறு ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை போனான். உள்ளே என்னதான் செய்கிறான் என்று, காலி பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பவள் மாதிரி வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கையில் ஊசிக் குறி எதுவும் இல்லை. காலில் போட்டுக்கொள்கிறானோ என்று ஒருநாள் பேண்ட்டைத் தூக்கச் சொன்னேன். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஆக, இங்கேதான் போடுகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைக்க எடுத்த அவன் சட்டைப் பையில், காகிதத்தில் மடித்த மாத்திரைகள் இருந்தன. எல்லாம் பாதி பாதியாக உடைத்தவை.

"என்னாடா இது?"

"உடம்புல தண்ணி சேராம இருக்க டாக்டரு குடுத்ததுக்கா. மூச்சு வாங்குதுல்ல, அதுக்கு."

"எந்த டாக்டரு? சீட்டக் காட்டு."

"சீட்டு இருக்குது. உனக்குக் காட்ட முடியாதுக்கா."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அத்தனையையும் சாக்கடையில் கொட்டினேன். மறுபடி வாங்கி வந்தால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்றும் சொன்னேன். அவன் தடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் அதே படியில் விழுந்தான். சத்தம் கேட்டு ஓடினேன். அப்போது நான் செய்ததைச் சொல்ல நாக்கு கூசுகிறது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. சட்டைக் கையை மடித்து ஊசிக் குறியைத் தேடினேன். கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மாதான், "மொதலு ஆட்டோ கரீரி, கை ஆமேலே நோட்ரி" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினார். ஆட்டோவைக் கூப்பிடு முதலில், கையை அப்புறம் பார்க்கலாம் என்று கீழ்வீட்டுக்காரி சொல்லவேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, மாத்திரையை நிறுத்தியது யார் என்று கேட்டார். தம்பி ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, "நாந்தான் மறந்துட்டேன் மேடம்" என்றான். நான்தான் கொட்டினேன் என்று சொல்லி அழுதேன்.

டாக்டரம்மா அவனைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று அவன் தலையாட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பழைய ஊசிகளால் அவனுக்கு எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. அந்தக் கிருமியாலும், அப்போது கரைத்து ஏற்றிய மாத்திரைத் தூள் போய்ப் படிந்ததாலும் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் தடித்துக் குறுகிவிட்டனவாம். அந்தக் குறுகல் வழியாக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்கியதும் கால் வீங்கியதும் அதனால்தான். அடிக்கடி கக்கூசுக்குப் போனது அந்த மாத்திரையால்.

அப்போதும் என் புத்தி விடவில்லை. "இப்ப ஊசி போடுறானா மேடம்?" என்று கேட்டேன்.

"அவரு எப்பவோ விட்டாச்சும்மா. இது பழசு செஞ்ச சேதம்."

ஏன்டா என்னிடம் மறைத்தாய் என்று பிறகு அவனைக் கேட்டேன். "அந்த நோய்னு தெரிஞ்சா என் தட்டைத் தனியா வெச்சிடுவியோன்னு பயமா இருந்துச்சுக்கா" என்றான். மாட்டேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு இருந்த புத்திக்கு வைத்துத்தான் இருப்பேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, என் கணவர் அவனைத் தாங்கிப் பிடித்து மாடி ஏற்றினார். உள்ளே வந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டே நேராக ட்யூப் லைட்டுக்கு அடியில் போய் நின்று சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தான். ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். மடித்ததை இறக்கிவிட்டு, உள்ளங்கையில் மாத்திரையை வைத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தான். கடைசிவரை எங்கள் தட்டுகளோடுதான் அவன் தட்டும் இருந்தது. இன்றும் செக்கிங் டேபிளில் ஒரு சட்டையின் கையைத் திருப்பும்போது சில நாள் என் விரல் நின்றுவிடும். ஊசி முனை அளவு குற்றத்தையும் கண்டுபிடிக்கிற இந்தக் கண்ணுக்கு, எதிரிலேயே மூச்சுத் திணறி நின்ற தம்பி தெரியாமல் போனான் என்பதை மட்டும் இதுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.