இருபத்தைந்தாம் அட்டையின் முதுகு

சிகரெட் அட்டை சேர்ப்பவனுக்குப் படம் முக்கியமில்லை, முதுகுதான் முக்கியம். இதை நான் பலருக்கு விளக்கியிருக்கிறேன். யாரும் கேட்டதில்லை.

பழைய சிகரெட் பெட்டிகளுக்குள் படம் போட்ட சிறிய அட்டை ஒன்று இருக்கும். சீமை அச்சகங்கள் ஒரே படத்தைப் பல கம்பெனிகளுக்கு விற்றன. பின்பக்கத்தில் கம்பெனியின் பெயர் மட்டும் மாறும். பெரிய கம்பெனி ஒன்றின் கப்பல் வரிசை, இருபத்தைந்து அட்டைகளும், என்னிடம் மும்மூன்று இருந்தன. அவற்றுக்கு மதிப்பில்லை. கொழும்பில் கொஞ்ச காலம் நடந்து மூடிப்போன ஒரு சிறு கம்பெனியும் அதே கப்பல்களை வெளியிட்டது. அதன் சிகரெட்டைக் குடிக்க முடியாது என்பதால் அதிகம் பேர் வாங்கவில்லை. அதனால் அதன் அட்டைகள் அபூர்வமாயின. இப்படித்தான் எங்கள் துறையில் பெருமை உண்டாகிறது.

அதில் இருபத்து நான்கு என்னிடம் இருந்தன. இருபத்தைந்தாவது அச்சாகவே இல்லை என்று கொழும்பிலிருந்த ஒரு சேகரிப்பாளர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருக்குக் கிடைக்கவில்லை என்பதைத் தவிர வேறு ஆதாரம் தரவில்லை. அவர் சொன்னது தவறு என்று காட்டுவது எனக்குப் பதவி உயர்வைவிட முக்கியமாக இருந்தது.

நான் கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் கிளார்க். சிகரெட் பிடிப்பதில்லை. புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஊரே வரப்போகும் பெரிய கப்பல்களைப் பற்றிப் பேசியது. நான் இரண்டரை அங்குலக் கப்பலைத் தேடிக்கொண்டிருந்தேன். கொழும்புக்குத் தோணி ஓட்டி ஓய்ந்த தண்டல் ஒருவர் தன் மரப்பெட்டி மூடியின் உள்பக்கம் கப்பல் படம் ஒட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன்.

பெட்டியைத் திறந்தார். மூன்று பாய்மரக் கப்பல். இருபத்தைந்தாம் படம்.

“அண்ணாச்சி, இதோட பின்பக்கம் என்ன எழுதியிருந்துச்சு?”

“சிகரெட்டு குடிச்சேன் தம்பி. பரீட்சையா எழுதுனேன்?”

“கொழும்புல வாங்குனதா?”

“கொழும்புலதான். ஒரே இருமல். அதோட அத விட்டுட்டேன்.”

இருமல் நல்ல அறிகுறி. ஆனால் இருமலைப் பதிவேட்டில் எழுத முடியாது. ஒரு ஒப்பந்தம் சொன்னேன்: ஆவி காட்டி அட்டையைப் பெயர்ப்பது, சிறு கம்பெனியுடையது என்றால் நான் வைத்துக்கொண்டு, பெரிய கம்பெனியின் அதே படத்தைப் புதிதுபோல் அவருக்குத் தருவது.

“ரெண்டும் ஒரே படந்தானே?” என்றார் அவர் மனைவி.

“ஆமாம் அக்கா.”

“அப்ப எதுக்கு மாத்துதீய?”

விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் கணவரிடம், “பாவம், ஆபீஸ்ல வேல ரொம்ப போல” என்றார். புட்டுப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்துத் தந்தார்.

எதைக் கொண்டு ஒட்டினார் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும் நான் அதைக் கேட்கவில்லை. தண்டல் பசை எதையும் நம்பாதவர். தோணியில் தண்ணீர் புகாமல் பூசும் குங்கிலியத்தை வைத்து ஒட்டியிருந்தார்.

கால் மணி நேர ஆவிக்குப் பிறகு ஓரத்தில் பிளேடு கொடுத்தேன். அட்டை வந்தது. ஆனால் பாதிக் கனம்தான் வந்தது. படம் என் கையில், முதுகு மூடியில்.

“நாந்தான் ஒட்டுனேன்லா” என்றார் தண்டல், பெருமையாக. “கடல்ல கெடந்தாலும் விடாது.”

மூடியில் ஈரமாக ஒட்டியிருந்த தாளுக்கு அடியில் எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தன. தண்டலின் சவரக் கண்ணாடியை எடுத்துக் காட்டினேன். சிறு கம்பெனியின் பெயர். எண் இருபத்தைந்து. இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிப்பதற்குள் தாள் காய்ந்து வெளுத்துவிட்டது.

“நனைச்சா தெரியும்லா” என்றார் அந்த அம்மாள். “எப்ப வேணும்னாலும் வந்து நனைச்சுக்கிடுங்க.”

முதுகு இல்லாத அட்டையை எங்கள் விதிகளில் அட்டை என்று சொல்வதில்லை. படம் எனக்குப் பயனில்லை, முதுகுதான் சாட்சி. மூடியை அப்படியே விட்டு வைக்க முடியுமா, கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பார்க்கலாம் என்றேன். பெரிய கம்பெனியின் அட்டையை வேண்டுமானால் பக்கத்தில் ஒட்டித் தருவதாகவும் சொன்னேன்.

“அது எனக்கெதுக்கு? இது எங்கூட கொழும்புல இருந்து வந்த கப்பல்லா” என்றார் தண்டல். “இருந்த எடத்துலயே ஒட்டுங்க.”

மைதாப் பசை வந்தது. உலகில் இருக்கும் ஒரே ஆதாரத்தின்மேல் நானே பசை தடவினேன். பெயர்ந்து வந்த படத்தை ஸ்கேல் வைத்து, மூடியின் விளிம்புக்கு இணையாக, பிசிறில்லாமல் ஒட்டினேன்.

தண்டல் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “கரையில கட்டிப் போட்ட மாதிரி இருக்கு. ஓடுத கப்பல் இம்புட்டு நேராவா நிக்கும்?”

பசை காயுமுன் எடுத்து, அவர் போதும் என்று சொல்லும்வரை சாய்த்து ஒட்டினேன்.

மறுநாள் பதிவேட்டில் இருபத்தைந்தாம் கட்டத்தில் “உண்டு” என்று எழுதினேன். கொழும்புக்குக் கடிதம் எழுதவில்லை. அப்படியொரு கடிதம் எனக்கு வந்திருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.