ஏழு மணி ஊசி

சாயங்காலம் ஏழடித்தால் பாண்டிதுரை சட்டையைத் தூக்கிவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் மல்லாந்துவிடுவார். மனைவி மாரிக்கனி அப்போதுதான் ஊசியின் உறையைப் பிரித்துக்கொண்டிருப்பார். "முடிஞ்சுதா?" என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வரும்.

"இன்னும் தொடவே இல்ல. வயித்த எக்காதீக!"

குத்தியதும் அவர் கை தானாக வயிற்றைத் தேய்க்கப் போகும். "தேய்க்காதீக, அமுக்கி மட்டும் பிடிங்க" என்று ஓர் அதட்டல் விழும். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு இதெல்லாம் மனப்பாடம். இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.

மனிதர் இராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங். ஊர்ப்பட்ட புண்ணுக்கெல்லாம் துணி பார்த்து அனுப்புகிறவர், தக்காளி நறுக்கும்போது மனைவி விரலில் ஒரு சொட்டு ரத்தம் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வார். மதுரையில் ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும், வயிற்றுக் கட்டைத் தடவிப் பார்த்து, "இழை பத்தாது. நம்ம கம்பெனின்னா ரிஜெக்ட் பண்ணிருப்பேன்" என்றாராம்.

லேசான ஆபரேஷனா அது! கணையத்தில் கட்டி. அதோடு ஒட்டிக்கிடந்த பெரிய ரத்தக்குழாயிலும் ஒரு துண்டை வெட்டியெடுத்து, மிச்சத்தை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். தைத்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதற்குத்தான் தினமும் இந்த ஊசி. ஒருநாளும் தப்பக்கூடாது, காயமும் பட்டுவிடக்கூடாது, பட்டால் ரத்தம் லேசில் நிற்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

காயம் விஷயத்தைப் பாண்டிதுரை கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டவுன் பஸ்ஸில் தகரம் பிய்ந்த சீட்டில் உட்காரமாட்டார். எங்கள் வீட்டுப் பூனைக்குத் தெருவில் ஒதுங்கி வழிவிடுவார். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு ரோல் பேண்டேஜ். "எம்புட்டு ரத்தம் போகும்னு யாரு கண்டா?"

மாரிக்கனியோ, புருஷன் பிழைத்து வந்தால் அவருக்கு மொட்டை போடுவதாக ஆபரேஷன் அன்றே மலைப்பெருமாளுக்கு நேர்ந்துகொண்டுவிட்டார். போன சனிக்கிழமை நாங்கள் மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து பக்கத்திலேயே, எங்கள் பக்கத்தார் திருவண்ணாமலை என்று சொல்லும் பெருமாள் மலையின் அடிவாரத்தில் இறங்கினோம். தலையை நனைத்தாயிற்று. கத்தியைக் கண்டதும் பாண்டிதுரை எழுந்துவிட்டார். மொட்டை போடும் கண்ணுச்சாமி ஊசி விஷயத்தைக் கேட்டதும் அவரைவிட வேகமாகப் பின்வாங்கினார்.

"வேணும்னா மிஷின்ல எடுத்துவிடுதேன்."

"மிஷின்ல எடுத்தா அது கட்டிங், அண்ணாச்சி. பெருமாள ஏமாத்தச் சொல்லுதீகளா?" மாரிக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது. நேர்ச்சை தப்பினாலும் பயம், கத்தி பட்டாலும் பயம். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டவர், கொண்டையை அவிழ்த்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார். "அவுகளுக்குப் பதிலா எம்முடிய எடுங்க."

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று பாண்டிதுரை கத்தினார். மாரிக்கனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்புவரை இருந்த முடி. பார்க்கப் பொறுக்காமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசி இழுப்பில் காதுக்கு மேலே கத்தி லேசாகக் கீறி, சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. ஐயோ, மனிதர் சாய்ந்துவிடுவாரே என்று தாங்கிப் பிடிக்க ஓடினேன். பாண்டிதுரை பையிலிருந்து பேண்டேஜை உருவி, பல்லால் கிழித்து, நாலாக மடித்துக் கீறலின்மேல் வைத்தார். மாரிக்கனியின் கை அங்கே போனது.

"தேய்க்காத" என்று அதைத் தட்டிவிட்டு, கண்ணை இமைக்காமல் அந்த இடத்தையே பார்த்தபடி, தன் விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.